பனி கொட்டும் நாளில் மலை ஏரிக்குத் தனியாக ஸ்னோஷூ நடை: முழுமையான வழிகாட்டி

ஸ்னோஷூ என்பது பனியில் கால் புதையாமல் நடக்கப் பூட்ஸுக்கு அடியில் மாட்டும் அகலமான சட்டம். மலை ஏரிக்குப் போகும் பாதை பெரும்பாலும் காட்டுக்குள் சாதுவாகத்தான் ஏறும். சிக்கல் கடைசி ஒரு கிலோமீட்டரில் இருக்கிறது. உயரத்தில் உள்ள ஏரிகளில் பல, பழைய பனியாறுகள் குடைந்துவிட்டுப் போன பள்ளங்களில் தண்ணீர் தேங்கி உண்டானவை. மூன்று பக்கம் செங்குத்துச் சுவர், நாலாவது பக்கம் நீர் வெளியேறும் வாசல் என்பதே இவற்றின் வழக்கமான அமைப்பு. கோடையில் படம் எடுக்கத் தோதான இடம். குளிர்காலத்தில், அந்தச் சுவர்களில் ஏறி நிற்கும் பனி எந்த நேரமும் வந்து விழக்கூடிய இடமும் அதுதான். நாம் களைத்துப்போய், ‘இதோ வந்துவிட்டது’ என்ற ஆசையோடு கால் வைப்பதும் அங்கேதான்.

அதனால் இந்த நடையை வண்டி நிறுத்துமிடத்திலிருந்து திட்டமிடக் கூடாது. ஏரியிலிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும். ஏரிக்கரையில் எந்த இடம் வரை போகலாம், அங்கே எத்தனை மணிக்குள் இருக்க வேண்டும், அதற்கு எப்போது கிளம்ப வேண்டும், அந்த நேரத்துக்குள் முடியாவிட்டால் எங்கே திரும்புவது: இவை நான்கும் முதல் நாள் இரவே தாளில் ஏறியிருக்க வேண்டும். தனியாகப் போகிறவருக்கு வழியில் ‘வேண்டாம்பா, திரும்பிடலாம்’ என்று சொல்ல ஆள் கிடையாது. அந்த ஆளின் வேலையை வரைபடமும் கடிகாரமும்தான் பார்க்கின்றன.

ஸ்னோஷூ நடை உங்களுக்கு முற்றிலும் புதிது என்றால் இந்தப் பயணம் இப்போது வேண்டாம். முதலில் ஆள் நடமாட்டமுள்ள சமதளப் பாதைகளில், நல்ல வானிலையில், யாருடனாவது பழகுங்கள். கோடையில் ஒருமுறையாவது நடந்து பார்த்த ஏரியையே தனிப் பயணத்துக்குத் தேர்ந்தெடுங்கள்.

படி 1: வரைபடத்தில் ஏரியைச் சுற்றிப் பார்ப்பது

இந்த வேலைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மற்ற எல்லா ஏற்பாடுகளையும்விட உயிரைக் காப்பது இதுதான்.

பலகை போல ஒரே தகடாக உடைந்து வரும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில் கிளம்புகின்றன. எனவே பாதையில் 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவு எங்கெங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. கால்டோபோ போன்ற வரைபடத் தளங்களில் சரிவின் சாய்வை நிறத்தால் காட்டும் வசதி உண்டு. காகித வரைபடத்திலும் கணக்குப் போடலாம். 1:25,000 வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் 10 மீட்டருக்கு ஒன்றாக இருந்தால், இரண்டு கோடுகளுக்கு இடையே சுமார் 0.7 மில்லிமீட்டர் இருக்கும் இடம் 30 டிகிரி. 20 மீட்டர் இடைவெளியுள்ள 1:50,000 வரைபடத்துக்கும் இதே அளவுதான். கோடுகள் அதைவிட நெருங்கினால் சரிவு இன்னும் செங்குத்து. இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சின்ன மேடுகள் வரைபடத்தில் தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

நீங்கள் நடக்கும் இடம் சமதளமாக இருந்தால் போதாது. தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். மேலே கிளம்பும் பனி பள்ளத்தாக்கின் தரை வரைக்கும், சில சமயம் ஏரியைத் தாண்டி எதிர்க்கரை வரைக்கும் வரும். நிலையற்ற பனியில் நீங்கள் கீழே சமதளத்தில் நடக்கும் பாரமே மேலே உள்ள சரிவை இழுத்துவிடவும் முடியும். நின்ற இடத்திலிருந்து, பனி கிளம்பக்கூடிய உச்சிப் பகுதியை அண்ணாந்து பார்க்கும் கோணத்தை அளந்து பாருங்கள். அது 18 டிகிரிக்குக் கீழே இருந்தால் பனி அந்த இடம் வரை எட்டுவது அரிது. கோணம் கூடக்கூட ஆபத்தும் கூடும். இந்தக் கணக்கு ஓர் உத்தேசம்தான். ஆனால் ஏரியின் எந்தக் கரையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம் என்று முடிவு செய்ய இது உதவும். பெரும்பாலும் விடை, நீர் வெளியேறும் வாயிலுக்குப் பக்கத்தில் மரங்கள் அடர்ந்த மேட்டுப்பகுதி என்றே வரும்.

கோடைப் பாதையை அப்படியே நம்பக் கூடாது. கோடைப் பாதைகள் நடக்க வசதியாக மலையின் இடுப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். பனி அந்தப் பள்ளத்தை மூடியதும் அங்கே பாதை என்று ஒன்று இருக்காது. பக்கவாட்டில் சாய்ந்த சரிவு மட்டும்தான். அதே ஏரிக்குக் குளிர்காலத்தில் வேறு தடம் இருக்கலாம்: அகலமான முகடு, அடர்ந்த காடு, மூடிய வனச்சாலை. அப்படி எதுவும் இல்லையென்றால் அந்த ஏரி தனியாகப் போகிறவருக்கு ஆனதல்ல. வேறு ஏரியைப் பாருங்கள்.

படி 2: வானிலையும் பனிச்சரிவு அறிக்கையும்

பனிமலைப் பகுதிகள் பலவற்றில் பனிச்சரிவு எச்சரிக்கை மையங்கள் குளிர்காலம் முழுக்க அறிக்கை வெளியிடுகின்றன. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆபத்தை 1 முதல் 5 வரையான நிலைகளில் சொல்வார்கள். 3 என்பது கேட்பதற்கு நடுத்தரமாக இருக்கிறது. ஆனால் அதிகம் பேர் இறப்பது அந்த நிலையில்தான். 4, 5 என்றால் பெரும்பாலோர் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். 3 என்றால் ‘பார்த்துப் போகலாம்’ என்று கிளம்புகிறார்கள். தனி ஆளுக்கு என் பரிந்துரை இது: 1, 2 என்றால் 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவுகளும் அவற்றின் அடிவாரமும் இல்லாத தடத்தில் ஏரிக்குப் போகலாம். 3 என்றால் காட்டோடு நின்றுவிட வேண்டும், ஏரிப்பள்ளத்துக்குள் நுழையக் கூடாது. அதற்கு மேல் என்றால் மலையே வேண்டாம்.

எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். எந்த உயரத்தில், எந்தத் திசை நோக்கிய சரிவுகளில் சிக்கல் என்று அறிக்கை விவரமாகச் சொல்லும். அதை உங்கள் ஏரியின் மூன்று சுவர்களோடு பொருத்திப் பாருங்கள். கடந்த இரண்டு நாளில் கனமான பனி விழுந்திருந்தால், பனியின் மேல் மழை பெய்திருந்தால், வெப்பம் சட்டென்று ஏறியிருந்தால் எண் என்னவாக இருந்தாலும் ஒத்திப்போடுவது நல்லது. காற்றையும் கவனியுங்கள். வானிலிருந்து விழுவதைவிடப் பல மடங்கு வேகமாகக் காற்று பனியை ஒரு பக்கச் சரிவில் கொண்டுபோய்க் குவிக்கும்.

முன்னறிவிப்பு அடிவார ஊருக்கா ஏரியின் உயரத்துக்கா என்று பாருங்கள். சராசரியாக 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். கீழே 0 டிகிரி என்றால் 600 மீட்டர் மேலே மைனஸ் 4. அதோடு காற்று சேர்ந்தால் கதையே வேறு. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 20 போல உறைக்கும். இன்னொரு பக்கம், 0 டிகிரியை ஒட்டி விழும் ஈரப்பனி மைனஸ் 10இல் விழும் உலர்பனியைவிடத் தொல்லை பிடித்தது. உலர்பனியைத் தட்டிவிடலாம். ஈரப்பனி உடையில் இறங்கி நனைத்துவிடும்.

படி 3: நேரக் கணக்கு

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்த கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். இது பனியில்லாத பாதைக்கு. யாரும் மிதிக்காத புதுப்பனியில் இதைக் குறைந்தது இரட்டிப்பாக்குங்கள். முழங்கால் ஆழமென்றால் அதுவும் போதாது. தடம் போட மாற்றி மாற்றி முன்னால் நடக்கக் கூட்டாளி இல்லை. முழு வேலையும் உங்கள் கால்களுக்கே.

ஒரு வழி 5 கிலோமீட்டர், 400 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். நெய்ஸ்மித் கணக்கில் 1 மணி 40 நிமிடம். பனியில் 3 மணி 20 நிமிடம். ஏரியில் அரை மணி. இறங்கி வர இரண்டரை மணி. காலை 8:30க்குக் கிளம்பினால் 11:50க்கு ஏரி, பிற்பகல் 2:50க்கு வண்டி. மாலை 4:30க்கு இருட்டும் என்றால் கையிருப்பு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். அந்தக் கையிருப்பில் கை வைக்கக் கூடாது. இந்த உதாரணத்தில் திரும்பும் நேரம் 12:30. அந்த நேரத்தில் ஏரி 200 மீட்டரில் கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்புகிறீர்கள்.

பாதி வழியில் ஒரு சோதனைப் புள்ளியும் வையுங்கள். ஓடைப் பாலம், பாதை பிரியும் இடம் என்று வரைபடத்தில் தெளிவாகத் தெரியும் ஒன்று. அங்கே போய்ச் சேர எடுத்த நேரத்தைப் பார்த்தாலே ஏரி இன்று நடக்குமா நடக்காதா என்று தெரிந்துவிடும்.

படி 4: ஒருவரிடம் எழுதிக் கொடுப்பது

‘மலைக்குப் போறேன், சாயங்காலம் வந்துடுவேன்’ என்பது தகவல் இல்லை. வண்டி எண், நிறுத்தும் இடம், போகும் தடம், மாற்றுத் தடம், உடையின் நிறம், வண்டிக்கு வந்து சேரும் உத்தேச நேரம், இவற்றோடு ஒரு கெடு நேரம். அந்த நேரம் தாண்டியும் என்னிடமிருந்து செய்தி வரவில்லை என்றால் இந்த எண்ணைக் கூப்பிடு என்று அந்தப் பகுதி மீட்புக் குழுவின் எண்ணும் கூடவே இருக்க வேண்டும். கெடு நேரத்தை வண்டிக்கு வந்து சேரும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் தள்ளி வையுங்கள், வீண் பதற்றம் வராது. தடத்தை வழியில் மாற்றத் தோன்றினால், அந்த ஆளிடம் சொல்ல வழியில்லாதபோது மாற்றாதீர்கள். தேடுகிறவர்கள் தாளில் இருக்கும் தடத்தில்தான் தேடுவார்கள்.

படி 5: சாமான்கள்

ஸ்னோஷூவின் அளவை உங்கள் உடல் எடையை மட்டும் வைத்துப் பார்க்கக் கூடாது. பை, உடை, தண்ணீர் எல்லாம் சேர்ந்த எடையைப் பாருங்கள். 22, 25, 30 அங்குலம் என்று நீளங்கள் கிடைக்கும், ஒவ்வொன்றுக்கும் தாங்கும் எடையைத் தயாரிப்பாளர் குறித்திருப்பார். இறுகிய தடத்துக்குச் சின்னது வசதி. புதுப்பனி கொட்டும் நாளில் தடம் போடப் போகிறவர் ஓர் அளவு பெரியதை எடுப்பது, அல்லது பின்பக்கம் மாட்டும் நீட்டிப்புத் துண்டு வாங்குவது நல்லது. மலை ஏரிக்கு அடியில் பல்லுள்ள, குதிகாலை உயர்த்தும் கம்பி உள்ள மாடலே வேண்டும். பூங்காவில் நடக்கச் செய்த தட்டையான மாடல் ஏற்றத்தில் வழுக்கும். வாடகைக்கு எடுத்தால் கடையிலேயே கையுறை போட்டபடி மாட்டிக் கழற்றிப் பாருங்கள். கையுறையைக் கழற்றினால்தான் மாட்ட முடியும் என்கிற பட்டை, பனிக்காற்றில் உங்கள் விரல்களை வதைக்கும்.

நீர் புகாத, வெப்பம் காக்கும் பூட்ஸ். பனி உள்ளே போகாமல் முழங்கால் வரை மூடும் கெய்ட்டர். அகலமான வட்டு மாட்டிய இரண்டு ட்ரெக்கிங் கம்புகள். கோடைக்கான சின்ன வட்டு பனியில் மேலேவரை இறங்கிவிடும்.

உடை விஷயத்தில் பருத்தி வேண்டாம், ஜீன்ஸும் உள்ளாடையும் உட்பட. தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர். அதன் மேல் மெல்லிய ஃப்ளீஸ் (பஞ்சு போன்ற செயற்கைத் துணிச் சட்டை). வெளியே காற்றும் நீரும் புகாத, அக்குளில் ஜிப் உள்ள ஜாக்கெட். பைக்குள் நிற்கும்போது மட்டும் போட ஒரு தடித்த ஜாக்கெட். ஈரப்பனி நாளுக்கு அது செயற்கை இழை அடைத்ததாக இருப்பது மேல், ஏனென்றால் இறகு அடைத்தது நனைந்தால் சப்பென்று படுத்து வெப்பத்தைக் காக்காமல் போய்விடும். நடக்க மெல்லிய கையுறை, நிற்க விரல் பிரியாத தடித்த மிட்டன், அப்புறம் உபரியாக இன்னொரு ஜோடி. காற்றில் பறக்கும் பனிக்குக் காகில்ஸ். மேகம் மூடிய நாளிலும் கறுப்புக் கண்ணாடி வேண்டும். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும்.

பையில் கட்டாயம் இருக்க வேண்டியவை, எந்தச் சமரசமும் இல்லாமல்:

- காகித வரைபடம், திசைகாட்டி
- செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவி அல்லது 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் (அபாய சிக்னல் அனுப்பும் கருவி)
- ஹெட்லாம்ப், உபரி லித்தியம் பேட்டரி
- அவசரத் தூக்கப்பை, உட்கார நுரைத் தட்டு
- சின்ன உலோக மண்வாரி
- விசில், லைட்டர், முதலுதவி
- பட்டை அறுந்தால் கட்ட வார், கம்பி, பிளாஸ்டிக் டை

பனிச்சரிவுத் தேடலுக்கான டிரான்ஸீவர், அதாவது புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி பற்றிக் கேட்பீர்கள். புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம், அதற்குப் பிறகு வேகமாகச் சரியும். அந்த நேரத்துக்குள் தோண்டுவது பக்கத்தில் இருக்கும் கூட்டாளிதான். தனியாகப் போகிறவருக்குக் கூட்டாளி இல்லை. டிரான்ஸீவர் கைவசம் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள், வழியில் வேறு யாருக்காவது பயன்படலாம். ஆனால் அது இருக்கிறது என்ற தைரியத்தில் ஒரு சரிவைக்கூடக் குறுக்கே கடக்கக் கூடாது.

தண்ணீரைக் குழாய் வைத்த பையில் கொண்டு போனால் முதலில் குழாய் உறையும். அகன்ற வாய் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, உறை போட்டு, தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேலிருந்து உறைவதால் மூடி அடைபடாது. ஃபிளாஸ்கில் சூடான இனிப்புப் பானம் ஒன்று. தாகத்துக்குப் பனியைத் தின்னாதீர்கள். ஒரு கிலோ பனியை உருக்கவே உடல் 80 கிலோகலோரி செலவழிக்க வேண்டும், உடல் சூட்டுக்குக் கொண்டுவர இன்னும் 37. உணவு, மைனஸ் பத்திலும் கல்லாகாமல், கையுறையோடு எடுத்துச் சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும்.

படி 6: கிளம்பும் இடத்தில்

ஃபோனை விமானப் பயன்முறையில் போட்டு உள் சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். ஐஃபோனுக்கு ஆப்பிள் சொல்லும் இயங்கு வெப்பநிலையே 0 முதல் 35 டிகிரி வரைதான். குளிரில் பாதி சார்ஜ் இருக்கும்போதே அணைந்துபோவது சாதாரணம். தடம் தரவிறக்கப்பட்டிருக்கிறதா, ஹெட்லாம்ப் எரிகிறதா, செயற்கைக்கோள் கருவி சிக்னல் பிடிக்கிறதா என்று பார்த்து, ‘கிளம்பிவிட்டேன்’ என்று ஒரு செய்தி அனுப்புங்கள். வண்டியை வெளியேறும் திசை பார்த்து நிறுத்துங்கள். மாலைக்குள் அதைச் சுற்றியும் பனி விழுந்திருக்கும்.

கொஞ்சம் குளிரும்படியே நடக்கத் தொடங்குங்கள். நிற்கும்போது கதகதப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் வேர்க்கும்.

படி 7: நடப்பது

காலை வழக்கத்தைவிடச் சற்று அகட்டி வைத்தால் ஒரு ஸ்னோஷூ மற்றதை மிதிக்காது. பின்னோக்கி நடக்க முயல வேண்டாம், ஸ்னோஷூவின் வால் பனியில் குத்தி மல்லாக்க விழுவீர்கள். திரும்ப வேண்டுமானால் சின்ன வட்டமாகச் சுற்றி வாருங்கள். ஏற்றத்தில் முன்காலைப் பனிக்குள் உதைத்து, படி போல மிதித்து, எடையைக் கால்விரல் பக்கத்துப் பல்லில் ஏற்றுங்கள். நீண்ட ஏற்றத்தில் குதிகால் கம்பியை உயர்த்தினால் கெண்டைக்கால் தப்பிக்கும். இறக்கத்தில் முழங்கால் மடங்கியிருக்கட்டும், எடை குதிகாலில். ஸ்னோஷூவுக்கு வராத வேலை பக்கவாட்டுச் சரிவு. அங்கே கணுக்கால் முறுக்கிக்கொண்டே போகும். நேராக ஏறி நேராக இறங்கும் தடமே இதற்கு ஏற்றது. விழுந்தால் கம்பை ஊன்றி எழ முயன்றால் அது புதைந்து போகும். இரண்டு கம்புகளையும் பெருக்கல் குறி போலப் பனிமேல் படுக்கவைத்து, சந்திப்பில் கையை ஊன்றி எழுங்கள்.

பனிச்சறுக்குக்காரர்கள் போட்ட தடம் இருந்தால் அதன் மேல் நடக்காமல் பக்கத்தில் நடங்கள். அவர்கள் பாடுபட்டுப் போட்ட வழவழப்பான வரியை ஸ்னோஷூ குதறிவிடும். இதற்காகத் திட்டு வாங்கியவர்கள் நிறைய.

இந்த நடையில் மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டியது வேகமோ தூரமோ அல்ல, வேர்வைதான். புதுப்பனியில் தடம் போடுவது உடலை உலை போலச் சூடேற்றும். உள்ளாடை நனைந்துவிட்டால் நின்ற ஐந்தாவது நிமிடம் குளிர் பிடிக்கும், தனியாக இருப்பவருக்கு அதிலிருந்து மீள்வது பெரும்பாடு. எனவே வேர்ப்பதற்கு முன்பே ஜிப்பைத் திறங்கள், தொப்பியைக் கழற்றுங்கள், ஃப்ளீஸை எடுத்துப் பையில் வையுங்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால் வேகத்தைக் குறையுங்கள். மூச்சு வாங்காமல் வாய்விட்டுப் பேச முடிகிற வேகம் சரியான வேகம். நின்றதும் முதல் காரியம் தடித்த ஜாக்கெட்டைப் போடுவது, மற்றதெல்லாம் பிறகு. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பசிக்காவிட்டாலும் இரண்டு வாய் தின்று நாலு மிடறு குடியுங்கள்.

காட்டுக்குள் ஊசியிலை மரங்களின் அடிப்பகுதியை நெருங்காதீர்கள். தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் பனி இறுகாமல் ஆள் ஆழக் குழியாக இருக்கும். ஸ்னோஷூவோடு அதில் விழுந்தால் தனியாக வெளியேறுவது மிகவும் கஷ்டம். ஓடையின் மேல் பனி பாலம் போட்டிருந்தால் கம்பால் குத்திப் பாருங்கள், தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வேறு இடம் தேடுங்கள்.

படி 8: பனி விழும்போது வழி தவறாமல் இருப்பது

போன தடத்திலேயே திரும்பி வந்துவிடலாம் என்பது தெளிந்த நாளுக்கான எண்ணம். மணிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் பனி விழ, கூடவே காற்றும் அடித்தால், திறந்த வெளியில் உங்கள் தடம் நீங்கள் திரும்பும்போது இருக்காது. ஆகவே போகும்போதே திரும்பும் வழியைப் பதிந்துகொண்டு போங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பின்னால் திரும்பிப் பாருங்கள். திசைகாட்டியில் எதிர்த்திசைக் கோணத்தைத் தாளில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை உறையும். ஜிபிஎஸ்ஸில் அந்த இடத்தைக் குறியிடுங்கள். காட்டிலிருந்து வெட்டவெளிக்கு வெளியேறும் இடம் முக்கியம். திரும்பும்போது காட்டுக்குள் நுழைய வேண்டிய அந்த வாசலைத் தவறவிட்டுத்தான் பலர் வேறு பள்ளத்தாக்கில் இறங்கிவிடுகிறார்கள்.

வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிட்டால் சரிவு ஏறுகிறதா இறங்குகிறதா என்றுகூடக் கண்ணுக்குத் தெரியாது. மரங்கள் முடிந்த பிறகு இந்த நிலை வந்தால் முன்னே போகாதீர்கள். முகடுகளில் காற்று கட்டிய பனி விளிம்பு வெறும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் மேல் நிற்பது உங்களுக்கே தெரியாது. மரங்களுக்குள் திரும்பி வந்து கொஞ்சம் காத்திருங்கள். தெளியவில்லை என்றால் இறங்குங்கள்.

படி 9: மலை சொல்லும் அறிகுறிகள்

அறிக்கை என்ன சொல்லியிருந்தாலும், கீழ்க்கண்டவற்றில் ஒன்று தென்பட்டால் அந்த நிமிடமே, வந்த வழியே திரும்ப வேண்டும். காலடியில் ‘வும்ப்’ என்று பனி அமுங்கும் சத்தம்: உள்ளே ஒரு பலவீனமான அடுக்கு உடைந்திருக்கிறது. ஸ்னோஷூவின் முனையிலிருந்து பனியில் விரிசல் ஓடுவது. எதிர்ச்சரிவில் அன்று விழுந்த பனிச்சரிவின் குவியல். சட்டென்று ஏறும் வெப்பத்தில் மரங்களிலிருந்து பனி பொத்துப் பொத்தென்று விழுவது.

மரங்களையும் படியுங்கள். காடு இருந்தால் பாதுகாப்பு என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. மலையின் மேல்பக்கம் பார்த்த கிளைகள் முறிந்து, கீழ்ப்பக்கக் கிளைகள் மட்டும் கொடி போல நிற்கும் மரங்கள் தென்பட்டால், அது பனிச்சரிவு வழக்கமாக வரும் தடம். ஒரே வயதுள்ள இளமரங்கள் மட்டும் பட்டையாக மேலிருந்து கீழே நிற்பதும் அப்படியே.

படி 10: ஏரியில்

கடைசி மரத்தடியில் நின்று ஒருமுறை கடிகாரம் பாருங்கள், ஒருமுறை சுவர்களைப் பாருங்கள். மேகம் மூடிச் சுவர்கள் தெரியவில்லை என்றால், அங்கே எவ்வளவு பனி ஏறியிருக்கிறது என்பதும் தெரியவில்லை என்றுதான் பொருள். அப்போது முன்பே குறித்துவைத்த கரைப்பகுதியைத் தாண்டக் கூடாது.

ஏரியின் மேல் நடக்கலாமா? தனியாக வந்திருந்தால் வேண்டாம். தெளிவான, கடினமான பனிக்கட்டி 10 சென்டிமீட்டர் இருந்தால் ஒருவரைத் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. வெண்மையான பனிக்கட்டிக்கு அதில் பாதி பலம்தான், எனவே இரு மடங்கு தடிமன் வேண்டும். ஆனால் மலை ஏரியில் பனிக்கட்டியின் மேல் கனமான பனிப்போர்வை கிடக்கும். அது குளிரை உள்ளே விடாமல் தடுத்துப் பனிக்கட்டி தடிக்கவிடாது. அதன் எடையால் பனிக்கட்டி அமுங்கி, விரிசல் வழியே தண்ணீர் மேலேறி, பனிக்கும் கட்டிக்கும் நடுவே சகதி போல நிற்கும். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஓடை நுழையும் இடம், வெளியேறும் இடம், பாறை ஓரம் எல்லாம் எப்போதும் மெல்லியவை. நீங்கள் பத்திரமென்று தேர்ந்தெடுத்த கரை நீர் வெளியேறும் வாயிலுக்கு அருகே என்றால் கூடுதல் கவனம் தேவை, ஏனென்றால் கரை எங்கே முடிகிறது என்பதைப் பனி மறைத்திருக்கும். கம்பால் குத்திக்கொண்டே போங்கள்.

தப்பித்தவறி உள்ளே விழுந்தால், குளிர்நீர் ஆய்வாளர் கார்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் 1-10-1 கணக்கு நினைவில் இருக்கட்டும். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் பயனுள்ளபடி அசைய 10 நிமிடம், நினைவு தப்பச் சுமார் 1 மணி நேரம். வந்த திசைக்குத் திரும்புங்கள். உங்களைத் தாங்கிய கட்டி அங்கேதான் இருக்கிறது. முழங்கைகளை விளிம்பில் ஊன்றி, கால்களைப் பின்னால் நீட்டி உதைத்து, வயிற்றால் ஊர்ந்து ஏறுங்கள். எழுந்து நிற்காமல் உருண்டே விலகுங்கள். காலில் ஸ்னோஷூ இருக்கும்போது இந்த உதை எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பார்த்தால் ஏரிமேல் நடக்கும் ஆசை தானாக அடங்கும்.

கரையில் நுரைத்தட்டில் உட்காருங்கள், தடித்த ஜாக்கெட், மிட்டன், சூடான பானம். உட்கார்ந்ததும் கை நடுங்கத் தொடங்கினால் அரை மணியெல்லாம் கிடையாது, உடனே கிளம்ப வேண்டியதுதான்.

படி 11: திரும்பும்போது

இறக்கத்தில் உடல் குறைவாகவே சூடாகும், கால்கள் களைத்திருக்கும், கவனம் வண்டியில் இருக்கும். கணுக்கால் திருகிக்கொள்வதெல்லாம் இங்கேதான். கிளம்பும்போதே ஃப்ளீஸைப் போட்டுக்கொள்ளுங்கள். போன தடம் பாதி தெரிந்தாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் குறித்த கோணத்தோடு சரிபாருங்கள்.

உங்களை நீங்களே சோதித்துக்கொண்டும் இருங்கள். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. கால் தடுமாறுவது, பட்டையை மாட்ட விரல் ஒத்துழைக்காதது, பேச்சு குழறுவது, காரணமில்லாத எரிச்சல் ஆகியவை அதன் தொடக்கம். கூட ஆள் இருந்தால் அவர் கவனிப்பார். தனியாக இருக்கும்போது கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட முடிகிறதா, உங்கள் ஃபோன் எண்ணைத் தலைகீழாகச் சொல்ல முடிகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். விரலோ காதோ வெளுத்து மரத்துப்போனால் தேய்க்காதீர்கள், பனியால் தேய்ப்பது இன்னும் மோசம். அக்குளில் வைத்துச் சூடேற்றுங்கள். கடினமாகவே உறைந்துவிட்டால், மறுபடி உறையும் வாய்ப்பு இருக்கும்வரை அதைக் கரைக்கக் கூடாது.

அவசரம் வந்தால்

நடக்க முடியாதபடி அடிபட்டால் முதல் வேலை சிகிச்சையோ அழைப்போ அல்ல, பையில் இருக்கும் எல்லா உடையையும் போட்டுக்கொள்வது. அடுத்து உடம்பைப் பனியிலிருந்து பிரிக்க வேண்டும்: அடியில் நுரைத்தட்டு, காலடியில் காலிப் பை, மேலே அவசரத் தூக்கப்பை. அப்புறம் அவசரச் செய்தி. அனுப்பிய பிறகு அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள். ஸ்னோஷூக்களைப் பனியில் செங்குத்தாக நட்டு வையுங்கள், தூரத்திலிருந்து தெரியும். நிமிடத்துக்கு ஆறு முறை விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு என்பது ஆல்ப்ஸ் மலைகளில் வழங்கும் அபாய அழைப்பு. பதில் நிமிடத்துக்கு மூன்று.

இரவு தங்க நேர்ந்தால் காற்று மறைவில், பனி சுமந்த கிளைகளுக்கு நேர் கீழே அல்லாமல், மண்வாரியால் உடம்பளவுக்கு ஒரு பள்ளம் வெட்டுங்கள். மேலே கிளைகளும் பனியும் போட்டு மூடினால் காற்றுக்குத் துளை விடுங்கள். மூடிய குழிக்குள் அடுப்பு எரிக்கக் கூடாது, கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாமல் கொல்லும். இருட்டில் தடம் தேடி அலைவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஸ்னோஷூ பட்டை அறுந்தால் வாரோ கம்பியோ வைத்துப் பூட்ஸோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள், அழகு தேவையில்லை. ஸ்னோஷூ இல்லாமல் தொடையளவு புதைந்து புதைந்து நடந்தால் ஒரு கிலோமீட்டருக்கே மணிக்கணக்கில் ஆகும், பழுதுபார்க்கும் சாமானைச் சுமப்பது அதற்காகத்தான்.

வண்டிக்கு வந்ததும்

எழுதிக் கொடுத்த ஆளுக்கு முதலில் செய்தி. ஈர உடையை மாற்றிய பிறகு ஓட்டத் தொடங்குங்கள். வீட்டில் பூட்ஸின் உள்உறையைக் கழற்றி உலர்த்துங்கள், ஹீட்டர் மேலேயே வைக்க வேண்டாம், பசை விட்டுப்போகும். ஸ்னோஷூவைத் துடைத்து, ரிவெட்டுகளையும் பட்டைகளையும் பார்த்து, தேய்ந்ததை அப்போதே மாற்றுங்கள். சோதனைப் புள்ளிக்கும் ஏரிக்கும் உண்மையில் எடுத்த நேரத்தை, அன்றைய பனியின் ஆழத்தோடு வரைபடத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள். அடுத்த ஏரிக்கு நெய்ஸ்மித் கணக்கை எத்தனை மடங்காக்குவது என்பதை அந்த எண்களை வைத்துப் போடலாம்.